தண்டவாளம் போன பின்னும் நிற்கும் பாதை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக் கவிஞர்கள் கரிசலைப் பாடியிருக்கிறார்கள், கந்தகத்தைப் பாடியிருக்கிறார்கள், மழை பொய்த்த கண்மாயையும், தீப்பெட்டி ஒட்டிய பிஞ்சு விரல்களையும் பாடியிருக்கிறார்கள். மேற்கு அடிவானத்தில் நீலக்கோடாக நிற்கும் மலையோ இவர்களுடைய கவிதைகளில் பெரும்பாலும் தொலைவுக் காட்சியாகவே இருந்து வருகிறது. அந்த மலைக்கும் இந்தக் கரிசலுக்கும் இடையே ஒரு காலத்தில் ஓர் இருப்புப்பாதையும், ஒரு கம்பிவடமும், ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்த ஒரு நடைபாதையும் இருந்தன. முதலிரண்டும் அழிந்தன. மூன்றாவது இன்றும் இருக்கிறது. அந்த மூன்றின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

அழிந்த அந்த மலை இருப்புப்பாதையின் பெயர் குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக, இன்று தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பாக உள்ள டாப் ஸ்டேஷன் வரை அது சென்றது.

பாதை பிறந்த கதை

1877ஆம் ஆண்டு தமிழகத்தின் தென் மாவட்டங்களுக்கு மறக்கவொண்ணாத ஆண்டு. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் வாய்மொழியில் நிலைத்துவிட்ட கொடும்பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. கரிசல் சீமையில் கஞ்சித் தொட்டிகளின் முன்னே மக்கள் வரிசையாக நின்ற அந்த 1877இல்தான், ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பஞ்சமும் குத்தகையும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயலே. ஆனால் பின்னர் நடந்தவற்றை நோக்கினால், மலைக்கு வேண்டிய கைகளைப் பஞ்சம் அணியப்படுத்தி வைத்திருந்தது என்றே எண்ணத் தோன்றும்.

1897இல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி தோன்றியது. காடு திருத்தப்பட்டுத் தேயிலை பரவியது. தேயிலையை விளைவிப்பது ஒரு பாடு. அதைக் கப்பலேற்றுவது மற்றொரு பாடு. மூணாற்றிலிருந்து மேற்கே கொச்சி அருகில் இருப்பதாக நிலப்படத்தில் தோன்றினாலும், அந்நாளில் எளிதாக இருந்த வழி கிழக்கு வழியே. பெட்டிகள் மலையின் கிழக்கு விளிம்புக்கு வந்து, அங்கிருந்து கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டிகளில் போடிநாயக்கனூர் சேர்ந்து, மீண்டும் வண்டிப் பயணமாக அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தை அடைந்தன. கொடைக்கானல் ரோடு என்று இன்று அழைக்கப்படும் நிலையம் அதுவே. அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகம், துறைமுகத்திலிருந்து இலண்டன்.

அம்மையநாயக்கனூரிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் புகைவண்டி எவ்வழியே செல்லும் என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. மதுரை கடந்து, அன்று விருதுபட்டி என்று பெயர் வழங்கிய இவ்வூரைக் கடந்து, சாத்தூர் கடந்துதான் அது சென்றாக வேண்டும். மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்த அந்தப் பாதை 1876இல் திறக்கப்பெற்றது. விருதுபட்டி மக்கள் பார்த்து நின்ற சரக்கு வண்டிகளின் வயிற்றுக்குள் கண்ணன் தேவன் மலையின் தேயிலையும் இருந்தது.

ஒரு தண்டவாளமும் ஒரு காளையும்

மூணாற்றுக்கும் மலை விளிம்புக்கும் இடையே 1902இல் வண்டிப்பாதை வெட்டப்பட்டது. அதன் ஓரத்தில் அமைந்த முதல் இருப்புப்பாதை விந்தையானது. அதற்கு இரண்டு தண்டவாளங்கள் இல்லை, ஒன்றே ஒன்று. ஈவிங் முறை என்று வழங்கிய அமைப்பு அது. வண்டியின் பளுவில் மிகப் பெரும்பகுதியை ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் உருளும் சிறு சக்கரங்கள் தாங்கும். வண்டி சாய்ந்துவிடாமல் இருப்பதற்காகப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண் சாலையின் மேல் உருண்டு வரும். இழுப்பதற்குக் காளைகள். இரும்பின் வழவழப்பால் பளு குறைகிறது. சாலையின் ஒரு பகுதியே போதுமாகையால் செலவு குறைகிறது. கரி வேண்டாம், புல் போதும். பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907இல் அமைந்த ஒற்றைத் தண்டவாள வண்டியும் இதே முறையைச் சேர்ந்தது. அதன் எஞ்சின் ஒன்று தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. மூணாற்றின் பாதை அதற்கும் மூத்தது.

தேயிலை பெருகியபோது காளையின் வேகம் போதவில்லை. 1908இல் ஒற்றைத் தண்டவாளம் நீக்கப்பட்டு, இரண்டடி அகலமுள்ள குறும்பாதை இடப்பட்டது. சிறிய நீராவி எஞ்சின்கள் கப்பலில் வந்து மலையேறின. மூணாற்றில் ஒரு நிலையம், மாட்டுப்பட்டியில் ஒரு நிலையம், பாலாற்றில் ஒரு நிலையம், முடிவில் டாப் ஸ்டேஷன். மலை முகட்டில் ஏறத்தாழ 1700 மீட்டர் உயரத்தில் பாதை முடிந்தது. அதற்கப்பால் பாறைச் சரிவு. அங்கே தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் ஏற்றப்பட்டு, ஆகாய வழியாக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிப் பக்கம் இறங்கின. இறங்குமிடத்தை மக்கள் பாட்டம் ஸ்டேஷன் என்றனர். இடையிலிருந்த ஊர் சென்ட்ரல் ஸ்டேஷன் ஆயிற்று. தேயிலை கீழே இறங்க, அரிசியும் பண்டங்களும் மேலே ஏறின.

எளிய நடையின் காரணம்

இன்று மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் சுமார் 32 கிலோமீட்டர்ச் சாலை, பெரும்பாலும் அந்தப் பழைய பாதையின் போக்கிலேயே செல்கிறது. தண்டவாளம் இல்லை. மாட்டுப்பட்டியிலும் குண்டளையிலும் பின்னாளில் எழுந்த அணைகள் பள்ளத்தாக்கின் முகத்தையே மாற்றிவிட்டன. ஆயினும் அந்த வழியில் நடப்பவர் ஒன்றை உணர்வார்: மலைப்பாதையாக இருந்தும் அது மூச்சு வாங்க வைப்பதில்லை. எல்லப்பட்டியைத் தாண்டும்போதும் கால் தளர்வதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. மனிதன் மலையேறும்போது குறுக்கே ஏறுகிறான். நேரம் மிச்சமானால் முழங்கால் நோவைப் பொறுத்துக்கொள்கிறான். காளை வளைந்து வளைந்து ஏறுகிறது. புகைவண்டிக்கு இந்த இரண்டும் ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் வழுக்கும் இயல்புடையது. சரிவு சற்றே மிகுந்தாலும் எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும். நீலகிரி மலை ரயிலில் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் சரிவைக் கடக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் வைக்க வேண்டியதாயிற்று. பற்சட்டம் இல்லாத பாதை, மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, ஏறுகிறோம் என்பதே தெரியாதவாறு ஏற வேண்டும். எனவே உலகெங்கும் கைவிடப்பட்ட மலை ரயில் பாதைகள் நடைபயணிகளுக்கு இனிய பாதைகளாக மாறியுள்ளன. முதியவரும் குழந்தையும் நடக்கத்தக்க வழிகள் அவை.

ஆனால் இந்தப் பாதையில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. டாப் ஸ்டேஷனில் ரயிலின் பாதை முடிகிறது. அதற்குக் கீழே சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாகக் குரங்கணிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் கால் வைத்தவுடன் முழங்கால் பேசத் தொடங்குகிறது. ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம். கல்லும் வேரும் வழுக்குப் பாறையும் நிறைந்த வழி. மேலே இருந்த மென்மையான பாதை தேயிலைப் பெட்டிக்காக வெட்டப்பட்டது. செங்குத்துச் சரிவிலும் பெட்டி வருந்தாமல் இறங்குவதற்குக் கம்பிவடம் இருந்தது. பெட்டியை நிரப்பிய தொழிலாளிக்குக் கிடைத்தது இந்த ஒற்றையடிப் பாதைதான். அவன் மூட்டையோடும் பிள்ளையோடும் கங்காணியின் பின்னே இதில் ஏறினான். நோயோடும் கடனோடும் இதில் இறங்கினான். எளிய பாதை சரக்குக்கும் கடும்பாதை மனிதருக்குமாக இருந்த காலத்தை அந்த மலை தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. நடப்பவருக்கு மட்டுமே அது படிக்கக் கிடைக்கும்.

வெள்ளம்

1924ஆம் ஆண்டு ஜூலை மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருமழை பிடித்துக்கொண்டது. மலையாள ஆண்டு 1099 என்பதால், கேரள மக்கள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று இன்றளவும் சொல்கின்றனர். வாரக்கணக்கில் பெய்த மழையில் மலைகள் சரிந்தன. சரிந்த மண் ஆற்றை மறித்தது. மறித்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. மூணாறு நகரம் சிதைந்தது. தண்டவாளங்களும் பாலங்களும் நிலையங்களும் அழிந்தன. பதினாறு ஆண்டுகள் ஓடிய குண்டளைப் புகைவண்டி அத்துடன் நின்றது, மறுபடி ஓடவில்லை. மூணாற்றில் இருந்த நிலையக் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் எஞ்சின் சக்கரம் ஒன்று பார்வைக்கு உள்ளது.

பாதை ஏன் மீண்டும் இடப்படவில்லை என்னும் வினாவுக்கு ஒப்பீடு ஒன்று விடை தரும். கொல்லத்திற்கும் செங்கோட்டைக்கும் இடையே ஆரியங்காவு கணவாய் வழியாக 1904இல் மலைப்பாதை திறக்கப்பெற்றது. 1927இல் விருதுநகரிலிருந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை வந்தபோது, அந்த மலைப்பாதை விருதுநகரோடும் உறவு பூண்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010இல் மூடப்பட்ட அது, 2018இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. பயணிகளும் வணிகரும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தனர். ஆகவே அது பிழைத்தது. குண்டளைப் பாதையோ ஒரே சரக்குக்காகப் பிறந்தது. தேயிலைக்குக் கம்பிவடமும் சாலையும் போதுமென்று ஆனபின் அதைக் கேட்பார் இல்லை.

இதில் ஒரு வேதனையான முரணும் உண்டு. மலைமேல் ரயில் ஓடிய அந்தப் பதினாறு ஆண்டுகளும் மலையடிவாரத்துப் போடிநாயக்கனூருக்கு ரயில் கிடையாது. மதுரையிலிருந்து போடிக்குப் பாதை வந்தது 1928இல். அதாவது மலை ரயில் அழிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின். இரண்டும் ஒருநாளேனும் சேர்ந்து ஓடவில்லை. போடிப் பாதையும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெயர்க்கப்பட்டு, 1950களில் மீண்டும் இடப்பட்டது. 2010 இறுதியில் அகலப்பாதைக்காக மூடப்பட்டு, 2023 ஜூன் மாதம் மறுபடி வண்டி வந்தது. போடியில் நின்று டாப் ஸ்டேஷனை அண்ணாந்து பார்ப்பவர், ஒன்றையொன்று காணாமலே வாழ்ந்து முடித்த இரு பாதைகளுக்கு நடுவே நிற்கிறார்.

கரிசலின் இரண்டு வாசல்கள்

அந்த ஆண்டுகளைச் சற்றே அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, சிவகாசியில் அதைத் தொடங்கியது 1923. விருதுபட்டி, விருதுநகர் என்று பெயர் மாறியதும் 1923. மலை ரயில் அழிந்தது 1924. சிவகாசிக்கு ரயில் வந்தது 1927.

மழை பொய்த்த மண்ணுக்கு அதுவரை வெளியேறும் வாசலாக இருந்தவற்றுள் ஒன்று மலை. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து மக்கள் கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மூணாற்றுக்கும், ஆனைமலைக்கும், கடல் கடந்து இலங்கை மலையகத்துக்கும் சென்றனர். சிவகாசியும் சாத்தூரும் அந்நாளில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டு 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தவை. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும் வந்தபின், ஊரைவிட்டு நீங்காமலே பிழைக்க மற்றொரு வாசல் திறந்தது. அந்த வாசலில் கந்தகம் இருந்தது; இந்த வாசலில் அட்டையும் குளிரும் இருந்தன. ஒரே மண்ணின் மக்கள், ஒரே வறட்சியின் பிள்ளைகள், இரண்டு வாசல்களில் பிரிந்தனர். மலைக்குப் போனவர்களைப் பற்றிச் சமவெளியில் தங்கியவர்களின் இலக்கியம் மிகக் குறைவாகவே பேசியிருக்கிறது.

மருத்துவர் பி. எச். டேனியல் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் துயரை ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்தபோது, வாசகர் பலர் தம் சொந்தப் பாட்டன்மாரின் கதையை முதன்முறையாகப் படித்தனர். ஆனைமலைக்குக் கிடைத்த அந்தக் குரல் குண்டளைப் பள்ளத்தாக்குக்கும் வேண்டும்.

வேண்டும் என்பதற்கு அண்மைச் சான்றுகளே போதும். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே வீதிக்கு வந்து போனசும் கூலியும் கேட்டுப் போராடினர். ‘பெண்கள் ஒற்றுமை’ என்று அந்தப் போராட்டம் பெயர் பெற்றது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். தண்டவாளத்தை அழித்த வெள்ளத்துக்கு 96 ஆண்டுகள் கழித்து, அதே மலைத்தொடரில், அதே பருவமழையில், அதே கரிசல் வழிவந்தவர்கள் உயிரிழந்தனர்.

தீயறிந்தவர்கள் அறிய வேண்டிய தீ

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் அதில் சிக்கினர். சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த இளைஞர்கள், பெண்கள் பலர். 23 உயிர்கள் போயின. தீயின் இயல்பை இந்த அவையினும் நன்கறிந்த அவை தமிழகத்தில் இருக்க முடியாது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 30க்கும் மேற்பட்டோர் கருகிய துயரை இவ்வட்டாரம் மறக்கவில்லை. ஆலைத்தீ ஒரு கணத்தில் வெடிக்கிறது. புல்தீ காற்றோடு சரிவில் மேல்நோக்கி ஓடுகிறது. மனிதன் ஏறும் வேகத்தைவிட அதன் வேகம் மிகுதி. மார்ச்சில் அந்தச் சரிவுகளின் புல் காய்ந்து திரியாகவே நிற்கும்.

அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. 2024இல் வனத்துறை 40 பாதைகளை முறைப்படுத்தி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் திறந்தது. குரங்கணி மலையும், விருதுநகர் மாவட்டத்துச் செண்பகத்தோப்பும் அவற்றுள் அடங்கும். எளிய பாதை என்று கேட்டவுடன் புறப்பட்டுவிடுவது தவறு. அனுமதி பெற வேண்டும். கோடையைத் தவிர்க்க வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் உடன் வர வேண்டும். மலைப்பாதையை அங்கே வாழ்பவரே அறிவர். டாப் ஸ்டேஷனும் சென்ட்ரல் ஸ்டேஷனும் கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்த ஊர்கள். சுற்றுலாப் பயணி ஒருமுறை நடந்து பெருமைப்படும் அந்த இறக்கம், அங்குள்ளவர்களுக்கு வாழ்க்கையின் அன்றாட வழி.

குறிஞ்சியும் முல்லையும் மழையின்றி வறண்டால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கண்டது. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும் அந்த மலையில், 2018ஆம் ஆண்டு பூ ஆண்டாகவும் தீ ஆண்டாகவும் வெள்ள ஆண்டாகவும் இருந்தது. திணையைப் பாட நூல்களில் மட்டும் படித்தவர்களுக்கு அந்த ஓராண்டு போதிய பாடம். அடுத்த பூ 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது.

பெயரில் வாழும் பாதை

டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷனில் எந்த வண்டியும் நிற்பதில்லை. தண்டவாளம் மண்ணுள் போயிற்று. கம்பிவடம் அற்றுப் போயிற்று. அந்தப் பெயர்கள் மட்டும் குடும்ப அட்டையிலும், பேருந்தின் பெயர்ப்பலகையிலும், கிழவிகளின் பேச்சிலும் நூறாண்டாக நிற்கின்றன. இரும்பைக் காப்பாற்ற இயலாத இடத்தில் மக்களின் நாக்கு அந்த வரலாற்றைக் காப்பாற்றியிருக்கிறது. அவர்கள் காத்தவை கம்பெனி வைத்த பெயர்கள். அந்த வழியே ஏறியிறங்கியவர்களின் பெயர்களைக் காக்க எவரும் முன்வரவில்லை.

இலக்கிய வட்டங்களின் வேலை அங்கே தொடங்குகிறது. பத்தாண்டு நிறைவு செய்த இவ்வட்டம் பதினோராம் ஆண்டில் ஒரு குழுவாக அந்த வழியில் நடக்கலாம்: மேலே ரயிலின் மென்பாதையிலும், கீழே தொழிலாளியின் கடும்பாதையிலும். இரண்டிலும் நடந்தால்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காலில் தெரியும். இவ்வட்டாரத்துக் கரிசல் ஊர்களில், மலைக்குப் போய்த் திரும்பாத ஒரு சின்னையாவையோ பெரியத்தையையோ பற்றி நினைவு வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டுப் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைக்கலாம். கவிதை பின்னர் வரட்டும். குறிப்பேடு முதலில் நிரம்ப வேண்டும். அந்த முதியவர்களுக்கு நாள் குறைவு.